ஈஸ்ட் ஹாம் மேடையில் மூன்று அமெரிக்க ஜனாதிபதிகள்

பட்டிமன்ற நடுவரைத் தீர்ப்புச் சொல்வதற்காக நடுவில் இருத்துகிறார்கள் என்று நினைப்பீர்கள். உண்மையில் ஒரு பக்கத்தார் எறிவது மறுபக்கத்தார் மேல் படாமல் இருக்க இடையில் வைக்கிற மெத்தைதான் அவர். லண்டனில் இந்த மெத்தை உத்தியோகத்தைக் கனகாலமாகப் பார்த்து வருகிறேன். சம்பளம் ஒரு பொன்னாடை. வீட்டிலிருக்கிற பொன்னாடைகளை ஒன்றோடொன்று முடிந்தால் ஈஸ்ட் ஹாமிலிருந்து அப்டன் பார்க் வரைக்கும் தண்டவாளத்தைப் போர்த்தலாம். நான் கூட்டிச் சொல்லவில்லை, மனைவி அளந்து பார்த்துவிட்டா.

மண்டபத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து முதுகு பிடித்துக்கொண்ட சக நோயாளிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செத்தவர்களைத் தேடி

எங்கள் சங்கத்தில் அப்போது ஒரு புகைச்சல். சங்கத்தைத் தொடங்கி வளர்த்தவர் யோகராசா அண்ணை, ஹை ஸ்ட்ரீட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். களைத்துப்போய்த் தலைமையை விட்டபோது, கோலியர்ஸ் வுட்டிலிருந்த கணக்காளர் அருள்நேசனைத் தானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார். இருத்திய கொஞ்சக் காலத்திலேயே, "அவன் ஒருத்தரையும் கேளாமல் முடிவெடுக்கிறான்" என்று அண்ணைக்குக் கொதி வந்துவிட்டது. வருகிற பொதுக்கூட்டத்தில் தான் திரும்பவும் நிற்பேன், தோற்றால் வேறு சங்கம் தொடங்குவேன் என்று அரிசி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். சங்கம் உடைந்தால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் உடையும். அது நடக்கிற தேவாலய மண்டபத்தை ஃபாதர் இரண்டு சங்கத்துக்குத் தரமாட்டார்.

இந்த நேரம் பார்த்து ஆண்டு விழாப் பட்டிமன்றம். என்ன தலைப்பு வைத்தாலும் தீப்பிடிக்கும். முன்பு ஒருமுறை 'கூழா, கொத்து ரொட்டியா' என்று வைத்தோம். அந்த இரண்டு அணித் தலைவர்களும் இன்றைக்கும் ஒரே ரயில் மேடையில் நின்று, ஒருவர் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலுக்கும் மற்றவர் ஹாமர்ஸ்மித் லைன் ரயிலுக்கும் காத்திருக்கிறார்கள். நான் பகிடியாக, "நூறு வருஷத்துக்கு முந்தின அமெரிக்க ஜனாதிபதிமாரை வைப்பம். உலகத்துக்கு நல்லது செய்தவர் ரூஸ்வெல்டா, டாஃப்டா, வில்சனா?" என்றேன். சங்கச் செயலாளர் றெஜினா அக்கா மன்னார்க்காரி, வார்ட்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவ. பகிடியைப் பகிடியாக எடுக்கிற பழக்கம் அவவுக்கு இல்லை. "நல்லது. மூண்டு பேரும் செத்திட்டினம், ஒருத்தரும் எங்கட சொந்தக்காரர் இல்லை. சண்டை வர வழியே இல்லை."

இரண்டு கடலும் ஒரு பார்க்கிங்கும்

ரூஸ்வெல்டை வேறு யாரும் தொட அண்ணை விடவில்லை. இவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரூஸ்வெல்ட் இல்லை, அதற்கு முந்தியவர், மீசைக்காரர் தியடோர். அண்ணையும் மீசை வளர்த்தார். அந்த மீசை மேடையேறி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அண்ணை ஏறினார். மெதுவாகப் பேசு, கையில் பெரிய தடியை வைத்திரு என்பது அந்த மனிதருடைய வெளிநாட்டுக் கொள்கை. அண்ணை கடை ஷட்டர் இழுக்கிற கம்பியைத் தடியாகக் கொண்டுவந்தார். மெதுவாகப் பேசுவதைத்தான் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். பெரிய கம்பெனிகளை உடைத்தது, இறைச்சிக்குச் சுத்தம் பார்க்கச் சட்டம் போட்டது, ரஷ்யாவையும் ஜப்பானையும் சமாதானமாக்கிப் பரிசு வாங்கியது என்று வரிசையாக இறக்கினார். அவர் தொடங்கும்போது எனக்கு வைத்த பால் தேத்தண்ணி, முடிக்கும்போது தயிராகியிருந்தது.

பனாமாக் கால்வாய்க்கு வந்தபோது அருள்நேசன் குறுக்கே எழும்பினார். கொலம்பியாவிலிருந்து ஒரு துண்டு பிரிந்து போவதற்குத் துணை நின்று, அந்தத் துண்டில் வாய்க்கால் வெட்டியது என்ன நியாயம் என்று கேட்டார். அண்ணை கம்பியை நிலத்தில் ஒரு குத்துக் குத்தினார்: "தம்பி, கடை வாசல்ல ஒரு வான் நிப்பாட்ட கவுன்சிலிட்ட அனுமதி எடுக்கேக்கை என்ர தலைமயிர் கொட்டினது. அந்த மனிசன் ரெண்டு கடலை ஒண்டாக்கினவர். வாயை மூடிக்கொண்டு இரும்!"

பெருத்த மனிதருக்கு மெலிந்த வக்கீல்

டாஃப்ட் வெகு பெருத்த மனிதர், ரூஸ்வெல்ட் தனக்குப் பிறகு தானே தெரிந்தெடுத்துக் கொண்டுவந்து விட்டவர். அவருக்காகப் பேசிய அருள்நேசன் பக்கவாட்டில் திரும்பினால் மைக் கம்பிக்குப் பின்னால் மறைந்துவிடுவார். நான் எட்டி எட்டிப் பார்த்துத்தான் ஆள் இருக்கிறாரா என்று உறுதிப்படுத்தினேன். ஆனால் கெட்டிக்காரத்தனமாகப் பேசினார். கம்பெனிகளை உடைப்பேன் என்று சத்தம் போட்டது ரூஸ்வெல்ட். குறைந்த காலத்தில் கூடிய வழக்குப் போட்டது டாஃப்ட். போர்க்கப்பலை அனுப்புவதிலும் முதலீட்டை அனுப்புவது மேல் என்று நினைத்தவரும் அவர்தான். "ஆனால் வேலை செய்தவனை ஒருத்தருக்கும் தெரியாது, கொண்டுவந்து விட்டவரைத்தான் எல்லாருக்கும் தெரியும்" என்றபோது குரல் தழதழத்தது. டாஃப்டுக்காக லண்டனில் ஒருவர் தழதழத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"ஆளைக் கதிரையில இருத்தினது ஆர்?" என்று அண்ணை இருந்த இடத்திலிருந்தே கேட்டார். மண்டபத்தில் ஒருவரும் அமெரிக்காவை நினைக்கவில்லை. நான் மணியை அடிக்கக் கை வைக்க முந்தி அருள்நேசன் திரும்பினார்: "இருத்தினது நீங்கள்தான் அண்ணை. ஆனால் கையை எடுக்க மறந்திட்டியள், நான் இன்னும் உங்கட கைக்கு மேலதான் இருக்கிறன்."

பதினான்கு அம்சம்

வில்சன் பக்கம் றெஜினா அக்கா. முதலாம் உலகப் போரை முடிக்க வில்சன் பதினான்கு அம்சம் வைத்தவர். அக்காவுக்குச் சுருக்கிச் சொல்கிற வழக்கம் கிடையாது, நோயாளிக்கு மருந்து கொடுப்பது போல ஒவ்வொன்றாக ஊட்டினா. பிறகு ஐ.நா.வுக்கு முந்திய சர்வதேச சங்கம் என்ற ஒன்றை உண்டாக்க அவர் பாடுபட்டதையும், கடைசியில் அவருடைய நாடே அதில் சேர மறுத்ததையும் சொல்லி, "வீட்டில இருக்கிறவையே துணை நிக்காட்டி என்ன செய்யிறது?" என்று முன்வரிசையிலிருந்த தன் புருஷனைப் பார்த்தா. மனிதர் கண் திறந்து கேட்டார்: "பதினாலில சாப்பாடு எத்தினையாவது?"

நடுவர் கேட்ட ஒரே கேள்வி

தொகுப்புரைக்கு அண்ணை மறுபடி வந்தார். 1912 தேர்தலை எடுத்தார். தான் வளர்த்துவிட்ட டாஃப்டுடன் மனம் முறிந்து ரூஸ்வெல்ட் திரும்பி வந்தது, கட்சி டாஃப்டையே நிறுத்தியது, ரூஸ்வெல்ட் வெளியே போய்ப் புதுக்கட்சி தொடங்கியது, டாஃப்டைவிடக் கூடிய வாக்கு எடுத்தது எல்லாவற்றையும் கண் கலங்கச் சொல்லி, வெற்றி வீரர் மாதிரிக் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்.

கம்பி மேலே நிற்கும்போது நான் கேட்டேன்: "அப்ப தேர்தலில வெண்டது ஆர், அண்ணை?" குசினியில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர்கூட நின்று கேட்டது. கம்பி மெல்ல இறங்கியது. அண்ணை றெஜினா அக்காவைப் பார்த்தார், அருளைப் பார்த்தார், என்னை எரிப்பது போலப் பார்த்தார். "வில்சன்தான். எங்கட வோட்டு ரெண்டாப் பிரிஞ்சு போச்செல்லோ."

பொதுக்கூட்டம்

தீர்ப்பே சொல்லத் தேவையில்லை, மண்டபமே பாடம் படித்துவிட்டது, இனிச் சமாதானம்தான் என்று மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பொதுக்கூட்டத்தில் அண்ணையும் நின்றார், அருளும் நின்றார். பின்வரிசையிலிருந்து யாரோ றெஜினா அக்காவின் பெயரைச் சொன்னார்கள். கை உயர்த்திய பிறகு பார்த்தால், மற்ற இரண்டு பேருடைய ஆட்களும் சரிபாதியாகப் பிரிந்து நிற்க, அக்கா சத்தமில்லாமல் தலைவியாகி, "எல்லாரும் கதிரையை அடுக்கிப்போட்டுப் போங்கோ" என்று முதல் உத்தரவைப் போட்டா. இரண்டு தலைவர்களும் அடுக்கினார்கள்.

வேறு சங்கம் எப்போது என்று அறிய அடுத்த கிழமை கடைக்குப் போனேன். போனால், அருள்நேசன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து ரயிலேறி வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் அரிசி மூட்டைமேல் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். அண்ணை என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார், அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்: "புதுச் சங்கம் என்னத்துக்கு? இஞ்சயே இருந்து நானும் தம்பியும் இவவைக் கவனிக்கோணும். ஒருத்தரையும் கேளாமல் முடிவெடுக்கிறா."

சங்கமும் சனிக்கிழமைப் பள்ளிக்கூடமும் உடையாமல் நிற்பது நடுவரின் கெட்டித்தனத்தால்தான் என்று நான் லண்டன் முழுக்கச் சொல்லித் திரிகிறேன். பொன்னாடையை அளந்த என் மனைவி மட்டும்தான் இதை அளக்க மறுக்கிறா.