எஸ்தர் திரும்பப் பெற்ற தேற்றம்

செய்தி வந்தபோது நான் வாலாஜாபாத் ரயில்வே கேட்டில் நின்றிருந்த பேருந்துக்குள் உட்கார்ந்திருந்தேன். துறையின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ "எஸ்தர் மேடம் காலமானார்" என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் விழுந்துகொண்டே இருந்தன. இப்படி ஒரு பொய்ச் செய்தி பரவுகிறதே, அவரிடம் உடனே சொல்லியாக வேண்டும் என்று எஸ்தரின் எண்ணுக்கே கூப்பிட்டேன். எடுத்தவர் அவர் கணவர் டேவிட்.

"வேதாம்மா," என்றார். "காலைல எழுந்து பல்லு தேச்சுக்கினு இருந்துச்சிமா. தலை சுத்துதுன்னு சொல்லிச்சி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..."

கேட் திறந்து பேருந்து நகர்ந்தது. இறங்க வேண்டிய இடத்தில் நான் இறங்கவில்லை.

காஞ்சிபுரம் கல்லூரிகளில் எஸ்தரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் கணிதம் படித்தவர்களுக்கும் அவரைப் பற்றி முதலில் நினைவுக்கு வருவது அவருடைய பயமாகத்தான் இருக்கும். பேருந்து தவறிவிடுமோ என்று வெகுநேரம் முன்னதாகவே நிறுத்தத்தில் நிற்பார். பாதி வழியில் எனக்குப் போன் செய்து, "வேதா, கேஸை மூடினேனான்னு தெரியல. திரும்பிப் போகட்டுமா?" என்று கேட்பார். தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றால் எழுதும் பிள்ளைகளைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்க்கும். நாங்கள் எல்லோரும் அவரைக் கேலி செய்திருக்கிறோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். "சிரிங்க, சிரிங்க. என்னிக்காவது கேஸ் தொறந்து இருக்கும், அன்னிக்குத் தெரியும்," என்பார்.

திருப்புட்குழிக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். பெற்றோர் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தார்கள். அரசுக் கல்லூரியில் படித்து, பொது இயற்கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பிறகு ஆண்டுக்கணக்காகக் கௌரவ விரிவுரையாளராகவே இருந்தார். நான் சின்னக் காஞ்சிபுரத்தில் கோயில் கைங்கர்யமும் புரோகிதமும் பார்க்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள், இடவியல் படித்தவள், ஒரு தனியார் கல்லூரியில் நிரந்தர வேலையில் இருப்பவள். ஒரு கருத்தரங்கின் சாப்பாட்டு வரிசையில்தான் அறிமுகமானோம். அவர் பேசும் இயற்கணிதத்துக்கு என்னுடைய இடவியல் தேவைப்பட்டது. எனக்கோ, நான் எழுதுவதை நம்பாமல் படிக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டார்.

எங்கள் தெருவுக்கு வந்தால் அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். அவர் வீட்டுக்கு நான் போனாலோ அக்கம்பக்கம் கூடிவிடும். அதனால் சனிக்கிழமைகளில் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில் சந்தித்தோம். மண்டபத்தில் குளிர்ச்சியான கல்தரை. மேலே விதானத்தில் பழைய ஓவியங்கள். வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், நாங்கள் குனிந்து எழுதிக்கொண்டிருப்போம். காவலாளி எங்களை ஏதோ கணக்குத் தணிக்கைக்கு வந்தவர்கள் என்றே வெகுநாள் நினைத்திருந்தார்.

நாங்கள் செய்தது என்ன என்று துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில இயற்கணித அமைப்புகளுக்கு இணையாக, மறுபக்கத்தில் ஒரு வெளி உண்டு. இந்தப் பக்கம் கூட்டல், பெருக்கல் போன்ற செயல்கள். அந்தப் பக்கம் எது எதற்கு நெருக்கம் என்ற பேச்சு. இங்கே இடமிருந்து வலமாகப் போகும் அம்பு அங்கே வலமிருந்து இடமாக வரும். இங்கே தீராத கேள்வியை அங்கே கொண்டுபோய்த் தீர்த்துவிட்டுத் திரும்பலாம். இதற்கு இருமை என்று பெயர். சிறிய, முடிவுள்ள அமைப்புகளுக்கு இருமை பலிக்கிறது என்று காட்டிவிட்டால், முடிவில்லாதவற்றுக்கும் பலிக்குமா? அந்தத் தாவலுக்கு உதவுவது கச்சிதம் என்னும் பண்பு. முடிவில்லாத நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றில் எந்தச் சிலவற்றை எடுத்தாலும் ஒருசேர நிறைவேற்ற முடிகிறது. அப்படியானால் அத்தனையையும் ஒருசேர நிறைவேற்றலாம். கச்சிதமான வெளி தரும் உறுதி இது. "கச்சியில பொறந்தவளுக்குக் கச்சிதம் வராம போகுமா?" என்று எஸ்தர் சொல்வார். காஞ்சியின் பழைய பெயரான கச்சியை வைத்து அவருக்குத் தெரிந்த ஒரே சிலேடை அது. புதிதாக யாரைப் பார்த்தாலும் சொல்லிவிடுவார்.

அந்த வெளியில் புள்ளிகளை இணைக்கும் உறவுகள் சிலவே இருந்தால் அந்தத் தாவல் செல்லும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. உறவுகள் முடிவில்லாமல் போகும் ஒரு வகைக்கும், வேறொரு நிபந்தனையை வைத்து, அதை நிறுவிவிட்டதாக நாங்கள் நினைத்தோம். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அதே சமயத்தில் எஸ்தருக்கு நிரந்தரப் பணிக்கான நேர்காணல் வந்தது. வயது வரம்பின்படி அதுதான் கடைசி வாய்ப்பு. அவர் காட்டக்கூடிய பெரிய வேலை அந்தக் கட்டுரை.

நேர்காணலுக்கு முந்தைய வாரம், கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவர் போன் வந்தது. கேஸ் விஷயம்தான் என்று நினைத்தேன்.

"வேதா, நடுவுல 'கச்சிதத்தால்'னு ஒரு வார்த்தை போட்டிருக்கோமே, அந்த இடம். அங்க கடைசி நிபந்தனை மூடியதா?"

"மூடியதுதானே?"

"ராத்திரி பூரா பாத்துக்கினே இருக்கறேன். மூடியதா தெரியல."

கச்சிதம் செல்ல வேண்டுமானால் ஒவ்வொரு நிபந்தனையும் மூடியதாக இருக்க வேண்டும். அதாவது, அதை நிறைவேற்றும் புள்ளிகள் எங்கோ நெருங்கிக்கொண்டே போனால், போய்ச் சேரும் இடமும் அதை நிறைவேற்ற வேண்டும். அன்று விடுப்புப் போட்டுவிட்டுத் திருப்பருத்திக்குன்றத்துக்கு ஓடினேன். வெயில் ஏறும்வரை இருவரும் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தோம். ஒவ்வொரு வழியும் அதே இடத்தில் வந்து நின்றது. அந்தக் கடைசி நிபந்தனையை மாற்றினால் முதலாவது உடைந்தது. எஸ்தர் ஒரே வரியை எழுதி எழுதி அடிப்பதைப் பார்த்து நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். நானும் அதையேதான் எழுதி அடித்தேன்.

"தேற்றம் தப்புன்னு நீங்க காட்டலையே. நிரூபணத்துலதானே இடைவெளி? நேர்காணல் முடியட்டும், அப்புறம் எழுதலாம்," என்று அன்று மாலை எஸ்தரின் துறைத் தலைவர் தன் அறையில் எங்களிடம் சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார். எனக்கு நிரந்தர வேலை இருந்தது. கட்டுரை போனால் எனக்குப் போவது ஒன்றுமில்லை. நான் எந்தப் பக்கம் பேசினாலும் அது அவர் வாழ்க்கையை வைத்துப் பேசுவதாக இருக்கும்.

வெளியே வந்ததும் எஸ்தர் என்னிடம் சொன்னார்: "நான் தப்பு பண்ணா அது என் தப்போட நிக்காது வேதா. எங்க ஜனத்துக்கே கணக்கு வராதுன்னுடுவாங்க. பின்னாடி வர பொண்ணுங்களையும் சேத்துச் சொல்லுவாங்க. நானா சொல்லிட்டாலும் சொல்லுவாங்க, அவங்களா கண்டுபிடிச்சாலும் சொல்லுவாங்க." சிறிது தூரம் நடந்தபிறகு, "ஆனா அது மூடியது இல்லியே," என்றார்.

ஆய்விதழ் ஆசிரியருக்கு இருவர் பெயரிலும் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். அனுப்பும் பொத்தானை அவர்தான் அழுத்தினார். அழுத்திவிட்டு, "போயிடுச்சா? போயிடுச்சான்னு பாரு," என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நேர்காணலில் நடந்ததை அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவர் அதைத் திரும்பப் பெற்றதைச் சொல்லியிருக்கிறார்.

"யாராவது தப்புன்னு எழுதினாங்களா?"

"இல்ல சார். நான்தான் பார்த்தேன்."

"அப்படி என்னம்மா தப்பு?"

எஸ்தர் எழுந்து பலகைக்குப் போயிருக்கிறார். ஒன்றைவிடப் பெரிய எண் வேண்டும், இரண்டைவிடப் பெரிய எண் வேண்டும், மூன்றைவிடப் பெரிய எண் வேண்டும் என்று கீழே கீழே எழுதிக்கொண்டு போனார். இதில் எந்தச் சிலவற்றைக் கேட்டாலும் ஓர் எண்ணைக் காட்டிவிடலாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் காட்ட எண்ணே கிடையாது. கச்சிதம் செல்லாத இடத்தில் செல்லும் என்று நம்பிவிட்டோம் என்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். நன்றாகச் சொன்னீர்கள் என்று குழுவிலிருந்த ஓர் அம்மையார் பாராட்டினாராம். வேலை வேறொருவருக்குப் போனது.

அந்த ஆண்டு முழுவதும் அவர் உடைந்துபோயிருந்தார் என்று சொன்னால் பொய். சம்பளம் வருமா, அடுத்த ஆண்டு ஒப்பந்தம் நீடிக்குமா என்ற கவலைகள் இருந்தன. ஆனால் அவரைத் தூங்கவிடாதது வேறொன்று: தேற்றம் உண்மையாகவே இருந்து, நாம் அவசரப்பட்டுக் கைவிட்டுவிட்டோமோ? மழைக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஈரக் குடையோடு மண்டபத்துக்குள் நுழைந்தவர், "நல்லவேளை வேதா, தப்புதான்!" என்றார். இருமை முடிவுள்ளவற்றுக்குப் பலித்து, முடிவில்லாதவற்றுக்கு உடையும்படி ஓர் அமைப்பைக் கட்டிவிட்டிருந்தார். எங்கள் நிபந்தனை போதாது என்பதற்கு அதுவே சான்று. நான் வரிவரியாகப் பார்த்தேன், எங்கும் ஓட்டையில்லை. தன் தேற்றம் பொய்யானதற்கு ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. காவலாளி எட்டிப் பார்த்து, "கணக்கு டேலி ஆயிடுச்சாமா?" என்று கேட்டார். "ஆவலண்ணா, ஆவவே ஆவாது!" என்றார் எஸ்தர்.

அந்த எதிர்க்காட்டை வைத்துச் சிறிய கட்டுரையாக எழுதினோம். அது வெளிவந்தது. எங்களுக்குத் தெரியாத ஊர்களிலிருந்து இளைஞர்கள் இன்றும் அதைப் பற்றிக் கேட்டு எழுதுகிறார்கள். அவர் கடைசிவரை கௌரவ விரிவுரையாளர்தான்.

அடக்கம் முடிந்து வீட்டில் ஜெபம் நடந்த அன்று டேவிட் என்னை வாசல்வரை வழியனுப்ப வந்தார். பணிமனை மெக்கானிக், அதிகம் பேசாதவர். அன்று தானாகவே நேர்காணல் நாளைப் பற்றிப் பேசினார். சென்னைப் பேருந்துக்குக் காத்திருந்தபோது எஸ்தர் வாந்தி எடுத்துவிட்டாராம். நிற்கவே முடியவில்லையாம்.

"வேணாம், வா வூட்டுக்குப் போயிடலாம்னு சொன்னேன்மா. வாயைத் தொடச்சிக்கினு, 'இல்லப்பா, அங்க போயிட்டுப் பயந்துக்கறேன்'னு சொல்லிச்சி. பஸ்ஸு வந்துச்சி, ஏறிடுச்சி."

எஸ்தர் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை.

அந்த எதிர்க்காட்டின் தொடர்ச்சியாக எங்கள் வேலை ஒன்று பாதியில் நிற்கிறது. எந்த நிபந்தனையைக் கூட்டினால் இருமை மீளும் என்ற கேள்வி. அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதாக இருந்தது. இப்போது நான் மட்டும் பேச வேண்டும். எழுதிய ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எது மூடியது, எது மூடாதது என்று கேட்க எதிரில் ஆளில்லை. என் சந்தேகம் அவர் சந்தேகத்தைப் போல் கூர்மையானது அல்ல. ஓட்டை இருந்து எனக்குத் தெரியாமல் போய்விட்டால் என்ற நினைப்பு காலையிலிருந்து விடவில்லை. வரவில்லை என்று எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, டேவிட் வாசலில் சொன்ன அந்த ஒரு வாக்கியம். கருத்தரங்குக்கு உரையின் தலைப்பை அனுப்பிவிட்டேன். போயிட்டுப் பயந்துக்கறேன்.