மருந்து ரெடியா இருக்கு

கிணற்றில் முறைத் தண்ணீர் பாய்ச்சும் சண்டையில் என் வீட்டுக்காரர் பங்காளியை மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கையை ஒடித்துவிட்டார். அடித்தது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அது அறுபதுகளில். மூன்று வருஷம் தண்டனை. நன்னடத்தையைச் சொல்லித் தண்டனையைக் குறைக்கும்படி ஜெயிலிலிருந்தே மனுப் போட்டார். கிடைத்திருந்தால் தீபாவளி சீசனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருப்பார்.

தள்ளிவிட்டார்கள். சாத்தூரில் ரயிலேறிப் போய்க் காரணம் கேட்டேன். ஜெயில் குமாஸ்தா, நான் அவருக்கு எழுதிய கடிதத்தையே எடுத்து நீட்டினான். ஒரு வரிக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு. ‘மருந்து ரெடியா இருக்கு. நீங்க வந்துதான் கை வைக்கணும்.’

“யாருக்கும்மா மருந்து வைக்கப் போறீங்க? கை ஒடிஞ்சவனுக்கா?” என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிக்குள் போகிற கரிமருந்து. ஏழாயிரம்பண்ணைக் கம்பெனியில் அதைக் கலக்குவதுதான் அவர் வேலை. அந்த வேலை அவருக்காகக் காத்திருக்கிறது என்று ஆறுதலுக்கு எழுதினேன். இவன் எந்த ஊர்க்காரனோ, மருந்து என்றதும் விஷம்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

“வெடி மருந்துய்யா அது.”

“அப்படின்னா உங்க முதலாளிகிட்ட எழுதி வாங்கி மேல்மனுவோட குடு. நீ சொன்னாப் போதுமா?”

முதலாளியிடம் போனேன். லைசென்ஸுக்கு மேல் மருந்து பதுக்கியிருந்த ஆள் அவர். ஷெட்டில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் அது தெரியும்.

“மருந்து இருக்குன்னு என் கையால எழுதி நானே மாட்டிக்கிடவா? போம்மா அங்கன” என்றார்.

“எழுதித் தாங்க மொதலாளி. இல்லேன்னா எம்புட்டு இருக்குன்னு நானே இன்ஸ்பெக்டர்ட்ட போய்ச் சொல்லுவேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் எழுதி, லேபிள் ஒட்டுகிற பசையைக் கவரின் நாலு ஓரமும் அப்பிக் கொண்டுவந்தார். “ஆபீசர்தான் பிரிக்கணும். நீ பிரிச்சா செல்லாது.”

மிரட்டி வாங்கிவிட்ட தெம்பில் அதை மடியில் வைத்து, பஸ்ஸிலும் ரயிலிலும் கையை எடுக்காமல் கொண்டுபோய் மேல்மனுவோடு நானே கொடுத்தேன்.

மேல்மனுவையும் தள்ளிவிட்டார்கள். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று குமாஸ்தாதான் வாசித்தான். ‘எங்கள் கம்பெனியில் மருந்து இருப்பு எதுவும் கிடையாது. இந்தப் பெண் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது.’

நாசமாய்ப் போகிறவன். இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஷெட்டைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள்.

அடுத்த தடவை பார்க்கப் போனபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, சத்தம் போடாமல் கேட்டார்.

“நம்ம தெருவுலயே எட்டாங்கிளாஸ் படிச்சவ நீ ஒருத்திதான். அந்தக் கவரைப் பிரிச்சுப் படிக்க ஒனக்கு என்ன கேடு?”

குமாஸ்தாவையும் முதலாளியையும் பங்காளியையும் ஏசி ஏசிப் பழகிய வாய் இது. அன்றைக்கு ரயிலில் சாத்தூர் வரைக்கும் என்னையே ஏசிக்கொண்டு வந்தேன்.