மாமா மடிக்கு ஒரு கையெழுத்து

எனக்குக் காது குத்தியது ஒன்பது வயதில். எங்கள் பக்கம் பிள்ளை நடை பழகுவதற்குள் அந்த வேலையை முடித்துவிடுவார்கள். நான்காம் வகுப்பில் மூளிக்காதோடு உட்கார்ந்திருந்த ஒரே பெண் நான்தான். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் ஜிமிக்கியை ஆட்டி ஆட்டித்தான் வாய்ப்பாடு சொல்லுவாள். அவளைக் கடித்து வைக்கலாம் போல இருக்கும்.

தாமதத்துக்குக் காரணம் மாமா. அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அந்த அண்ணன் ஒருவர்தான். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து, பிள்ளையை மடியில் உட்கார வைத்தால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். மாமா வரமாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆவணியில் பார்ப்போம் என்பார். ஆவணி வந்தால் தையில் பார்ப்போம் என்பார். ஒவ்வொரு முறையும் கடம்பூர் போளி வாங்கி வந்து, அதைத் தின்றபடியே அடுத்த மாதத்தைச் சொல்லிவிட்டுப் போவார்.

போளிக்கு நடுவில் இன்னொரு பேச்சும் வரும். தாத்தா இறந்த பிறகு அவருடைய கரிசல் காடு அண்ணன் தங்கை இருவருக்கும் பொதுவாகக் கிடந்தது. அதில் தெற்குத் துண்டில் அம்மா வருஷா வருஷம் உளுந்து விதைப்பாள். கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் போய், காலெல்லாம் மண்ணோடு திரும்பி வருவாள். உலகத்தில் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அந்தச் சமயத்தில் சோலார் கம்பெனிக்காரர்கள் ஊரில் நிலம் கேட்டு வந்தார்கள். அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால் மொத்தக் காட்டையும் பேசி முடிக்கலாம் என்பது மாமாவின் கணக்கு.

"தெக்குத் துண்ட மட்டும் கேக்காதண்ணே" என்பாள் அம்மா. இரண்டு வருஷமாக அவளுக்கு வேறு பதிலே கிடையாது.

அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். சண்டை என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிற மனுஷர். ஒரு தடவை மட்டும், "எந்தம்பி மடில வச்சுக் குத்திருவோமே" என்று சொல்லிப் பார்த்தார்.

"எம்புள்ளைக்கு மாமன் இல்லையாக்கும்?" என்று அம்மா போட்ட சத்தத்தில் அவர் மறுபடி சட்டையைத் தேடினார்.

அந்தத் தை மாதமும் மாமா வந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என் வெறும் காதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"மருமவளே, மாமா மடி ஒனக்குத்தான் காத்துக் கெடக்கு. ஒங்கம்மா ஒரு கையெழுத்துப் போட்டுட்டான்னா மறு முகூர்த்தத்துலயே குத்திருவோம். நீ கேட்டா போடுவா."

எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை பெரிய விஷயம் இவ்வளவு சின்ன விஷயத்தில்தானா நின்றுகொண்டிருந்தது!

கேட்டேன். அம்மா முறைத்தாள். நான் சாப்பிடமாட்டேன் என்றேன். அன்று இரவும் மறுநாள் முழுக்கவும் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. அம்மா அடித்துப் பார்த்தாள், தோசை ஊற்றி வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் எனக்குத் தலை சுற்றியது. அம்மா என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரிட்டி, போடுதேன். மாமாக்கு நீயே போனைப் போட்டுச் சொல்லு. மொதல்ல சோத்தத் தின்னு."

நான்தான் சொன்னேன். மாமா போனில் என்னை ரொம்பவும் மெச்சினார்.

இப்போது சட்டக் கல்லூரியில் படிக்கிறேன். சம்மதத்தைக் கெடுக்கும் காரணங்கள் என்று வகுப்பில் ஐந்தைச் சொன்னார்கள்: வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், பிழை. நான் ஒவ்வொன்றிலும் மாமாவைக் கொண்டுபோய் உட்கார வைத்துப் பார்த்தேன். மனுஷர் எதிலும் சரியாக உட்காரவில்லை. அவர் மிரட்டவில்லை. பொய் சொல்லவில்லை. பத்திரத்தை அம்மாவுக்கு வரி வரியாக வாசித்துக்கூடக் காட்டினார். செல்வாக்கு என்றால், அவருடைய செல்வாக்கு அம்மாவிடம் இரண்டு வருஷமாகச் செல்லுபடியாகவில்லையே.

கையெழுத்துப் போடும் அன்று பதிவு அலுவலகத்துக்கு நான் பச்சைப் பட்டுப்பாவாடையில் போனேன். ஏன் பட்டுப்பாவாடை என்று யாரும் கேட்கவில்லை. அம்மா முந்தின நாள் காட்டுக்குப் போய் வந்திருந்தாள். செருப்பு ஓரத்தில் மண் காய்ந்திருந்தது. கேமராவில் படம் எடுத்தார்கள், விரல் ரேகை வைத்தார்கள். பிறகு சார்பதிவாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. யாரும் மெரட்டியோ கட்டாயப்படுத்தியோ எழுதி வாங்கலையே?"

மாமா சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அப்பா வாசலுக்குப் போய்விட்டிருந்தார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எங்கே காரியம் கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. சீக்கிரம் சொல்லு என்று கண்ணைக் காட்டினேன்.

"யாருமில்ல சார்" என்றாள் அம்மா. "எம் மனசாரத்தான் குடுக்குதேன்."

அவர் முத்திரை குத்தினார். அப்படி யாரும் இல்லாததால்தான் அம்மா யாருமில்லை என்கிறாள் என்று நினைத்தேன். மேசையைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற என்னைத்தான் அவள் காட்டிக்கொடுக்காமல் விட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.