டீச்சருக்கு மட்டும் ரசம்

ஜப்பான் பள்ளிகளில் ஆசிரியர்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுவார்களாம். பத்திரிகையில் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இன்று எங்கள் மாரமங்கலம் பள்ளியில் சத்துணவு வரிசையில் நானும் தட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

சமையல்கார அக்கா பதறிப்போனார். "ஏனுங்க டீச்சர், இதைப் போயி நீங்க திங்கறதுங்களா?"

வீட்டுக்கு ஓடிப்போய், ஒரு கிண்ணம் மிளகு ரசம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

பக்கத்தில் இருந்த செல்வி எட்டிப் பார்த்தாள். "நொம்ப வாசமா இருக்குதுங்க டீச்சர். நாளைக்கும் எங்ககூட உக்காருவீங்களா?"

அவள் சோற்றில் கொஞ்சம் ஊற்றினேன். வரிசை முழுக்கத் தட்டுகள் நீண்டன. நாலாவது தட்டுக்கே ரசம் தீர்ந்துவிட்டது.

நாளைக்கு எல்லா ஆசிரியர்களும் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கும் ரசம் வருமா? இல்லை, எங்கள் கிண்ணம்தான் பெரிதாகுமா? நீங்களே சொல்லுங்கள்.