தராசக்காவும் பதினொரு பெட்டிகளும்

கிடங்கில் அவரைத் தராசக்கா என்றே அழைப்பார்கள். இணையச் சந்தை ஒன்றுக்கு வரும் சரக்கைப் பிரித்து அடுக்குவதும், வெளியே போகும் வண்டிக்குக் கையெழுத்திடுவதும் பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் வேலை. கையில் எடுத்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவார். முழங்கால் வலியால் வேலையை விட்டு வீட்டிலிருக்கும் கணவர்கூட, "நான் அரைக் கிலோ கூடினாலும் இவகிட்ட மறைக்க முடியாது" என்று கேலி செய்வார்.

அன்று பிற்பகல் அந்தக் கைதான் அவரைத் திடுக்கிட வைத்தது. சரக்குத் தொட்டியிலிருந்து எடுத்த சமையல் எரிவாயு ரெகுலேட்டர் இலேசாக இருந்தது. அடுத்தது கனத்தது. மின்தராசில் வைத்தார், நூறு கிராம் வித்தியாசம். பெட்டியும் முத்திரையும் அச்சு அசலாக ஒன்றே; இலேசானது போலி.

மூன்று விற்பனையாளர்களின் சரக்கு அது. பார்கோடு ஒன்றாயிருந்தால் ஒரே தொட்டியில் கொட்டுவது கிடங்கின் வழக்கம். காலையில் அவசர அவசரமாகக் கொட்டியவர் அவரே. எது எவருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பதினொன்று ஏற்கெனவே வண்டியேறிவிட்டன. புறப்படப் பத்து நிமிடமே இருந்தது.

மேற்பார்வையாளரிடம் ஓடினார்.

"தம்பி, வண்டிய நிறுத்துங்க. ரெகுலேட்டர்ல போலி கலந்திருக்கு."

"அக்கா, நாம விக்கிறவங்க இல்ல. இடம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். வித்தவன் பதில் சொல்லட்டும்."

"எந்த வித்தவன்? மூணு பேர் சரக்கையும் நான்தானே ஒண்ணாக் கொட்டினேன்!"

"புகார் வந்தா பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம்."

"வீடு பத்திக்கிட்டா எதைத் திருப்பிக் கொடுப்பீங்க? பெட்டியைச் சுத்தி ஒட்டின டேப்புல யார் பேரு இருக்கு? அந்தப் பேரை நம்பித்தானே வாங்கறாங்க?"

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "தாமதமானா என் தலைதான் உருளும். கையெழுத்தப் போடுங்கக்கா."

வெளியேறும் சீட்டில் தராசக்காவின் கையெழுத்து இல்லாமல் வாயிற்காவலர் வண்டியை விடமாட்டார். வேலை போனால் வீட்டில் இன்னொரு வருமானம் இல்லை. பேனாவைப் பைக்குள் செருகிவிட்டு, மின்தராசையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்.

ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தியபடியே இருந்தார். தராசக்கா ஒவ்வொரு பெட்டியாகக் கிழித்து, கையில் ஏந்தி, தராசில் வைத்தார். நான்கு இலேசு. அவற்றை ஒதுக்கினார்; மற்ற ஏழையும் மீண்டும் ஒட்டினார். தொட்டியில் எஞ்சியதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

பிறகுதான் மேற்பார்வையாளரிடம் சீட்டை வாங்கிக் கையெழுத்திட்டார். தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில் எழுதினார்: 'நான்கு போலி. கலந்தவள் நான். கலக்கச் சொன்னது கிடங்கு.'

"இது மேலிடத்துக்குப் போனா உங்க வேலை போயிடும்க்கா," என்றார் மேற்பார்வையாளர்.

"போகட்டும். ஓர் எழுத்தும் விடாம அனுப்புங்க."

வண்டி நகர்ந்தது. மேற்பார்வையாளர் சீட்டின் நகலை மேலிடத்துக்கு அனுப்பவும் துணியாமல், கிழிக்கவும் துணியாமல் நின்றார்.