ஒரே தாளின் இரண்டு பக்கம்

செல்வலட்சுமி டி.வி.யில் நாடகம் பார்க்கும் இடத்தில் மற்றவர்களுக்கு வசனம் காதில் விழாது. அவளே பேசிக்கொண்டிருப்பாள். கெட்ட மாமியார் பாலில் மாத்திரையைக் கலக்கினால், "குடிக்காதட்டி, கீழ ஊத்து" என்று மருமகளுக்குச் சொல்லுவாள். ஆஸ்பத்திரிக் காட்சி வந்தால் இன்னும் மோசம். "அவனுக்கு ஊசியே ஏறல, வெறும் பிளாஸ்திரிய ஒட்டிவிட்டிருக்கான். அந்த நர்ஸு ராத்திரி டூட்டிக்கு இம்புட்டுப் பூவா வச்சுட்டு வருவா?"

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் இருபது வருஷம் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி மடித்தவள். வீட்டுக்காரர் இறந்த பிறகு மூன்று மாசம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினாள். இப்போது வயது அறுபத்திரண்டு. பகலில் படுக்கையில் கிடக்கும் ஒரு அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு, ஆறு மணிக்கு வீடு வந்து சேருவாள். ஏழு மணிக்கு நாடகம். ஏழரைக்கு வாய்ஸ் மெசேஜ்.

அந்த மெசேஜ் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் நாத்தனார் ஈஸ்வரிக்குப் போகும். ஈஸ்வரிக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கி, ஐந்து மாசத்துக்கு முன்னால் பார்வை முழுக்கப் போய்விட்டது. இனி வராது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவள், எழுந்திருக்கவில்லை. கழிப்பறைக்கு மட்டும் மருமகள் சத்யப்பிரியா தோளைப் பிடித்துக்கொண்டு போவாள். மருமகள் ஊட்டினால் நாலு வாய் வாங்குவாள். யார் போன் செய்தாலும் பேச மாட்டாள். கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

செல்வலட்சுமிக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியும். இப்படிக் கிடந்தவர்கள் முதலில் கால் பலத்தை இழப்பார்கள், அடுத்து முதுகில் புண் வரும், அதற்கடுத்து ஒரு சளி போதும். அவள் நேரில் மூன்று தடவை போய்ச் சொல்லிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், அழுதுகூடப் பார்த்தாள். பலிக்கவில்லை. அதனால்தான் மெசேஜ். சத்யப்பிரியா போனை அத்தையின் காதருகே வைப்பாள். மைக் படம் நீலமாக மாறும். கேட்டாயிற்று என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் வராது.

இந்த நேரத்தில்தான் 'கிணத்துக் கதை' நாடகமாக வந்தது.

அதற்கு வேறு தலைப்பு உண்டு. இவர்கள் இரண்டு பேருக்கும் அது கிணத்துக் கதைதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் செல்வலட்சுமி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, ஈஸ்வரிக்குக் கல்யாணமாகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்கினார்கள். அதில் இரண்டு தொடர்கதை. புருஷன் விட்டுவிட்டுப் போன பவுனுத்தாய் தனி ஆளாகக் கிணறு வெட்டும் கதை ஈஸ்வரிக்கு. ரயிலில் சந்தித்துக் காதலித்த டாக்டர் கதை செல்வலட்சுமிக்கு. வாராவாரம் அவரவர் கதையைக் கத்தரித்து அடுக்கிவைத்து, முடிந்ததும் காலிகோ அட்டை போட்டு பைண்டு பண்ணுவது என்று ஏற்பாடு.

ஒரு வாரம் மட்டும் அச்சடித்தவர்கள் சதி செய்துவிட்டார்கள். அந்த வாரத்து ரயில் கதையின் கடைசிப் பக்கமும் அந்த வாரத்துக் கிணத்துக் கதையின் முதல் பக்கமும் ஒரே தாளின் முன்னும் பின்னுமாக வந்துவிட்டன. செல்வலட்சுமி கத்தரியை எடுத்தாள், வெட்டினாள், தன் அடுக்கில் வைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்த ஈஸ்வரி ஒன்பது நாள் பேசவில்லை. "நான் திருப்பிப் பாக்கலட்டி" என்று செல்வலட்சுமி அன்றைக்குச் சொன்னதை இன்றுவரை மாற்றிச் சொன்னதில்லை.

ஈஸ்வரி கல்யாணமாகிப் போகும்போது தன் புத்தகத்தைக் கொண்டுபோனாள், ஒரு தாள் குறைவாக. பொங்கலுக்கு வரும்போதெல்லாம் மதினி செல்வலட்சுமியின் ரயில் புத்தகத்தை எடுத்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு வைப்பாள்.

அதில் என்ன இருந்தது என்று செல்வலட்சுமிக்குத் தெரியாது. அந்தத் தாளில் அவள் தன் பக்கத்தை மட்டும்தான் வாசிப்பாள். அதனால் நாடகத்தில் பவுனுத்தாயின் புருஷன் எட்டு வருஷம் கழித்துத் திரும்பிவந்து வாசலில் நின்ற அன்றைக்கு, பார்த்ததை அப்படியே சொல்லி அனுப்பினாள்.

"ஈஸ்வரி, இன்னிக்கு நல்லா எடுத்திருக்கான். அவன் வந்து நிக்கான். பவுனுத்தாய் ஓடியாந்து அவன் கால்ல விழுந்து கதறுதா. அந்த வயலின வேற போட்டு இழுக்கான். எனக்கே கண்ணு கலங்கிருச்சு. பொம்பளன்னா அப்படித்தான, என்ன இருந்தாலும் புருசன். மாத்திரை போட்டியா? வச்சிருதேன்."

அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். கல் காய்வதற்குள் போன் அடித்தது.

"மதினி, அவ கால்ல விழல."

ஐந்து மாசமாகப் பேசாத தொண்டை. துருப்பிடித்த கேட் திறக்கிற மாதிரி இருந்தது.

செல்வலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். பேசாமல் கிடந்தவர்கள் பேசினால் ஆரவாரம் செய்யக்கூடாது. நேற்றும் பேசியவர்களுக்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்த நாளில் அவளுக்கு இதன் அருமை தெரியவில்லை.

"யாரு விழல?" என்றாள், சாதாரணமாக.

"பவுனுத்தாய்தான். விட்டுட்டுப் போனவன் கால்ல அவ எதுக்கு விழணும்? செம்புல தண்ணி குடுத்து ஒரு சொல்லு சொல்லுவா பாருங்க, அதுக்குத்தான் அந்தக் கதையே. அதை எடுத்துப்புட்டு அழவிட்டிருக்கான். நீங்களும் உக்காந்து அழுதீகளாக்கும்."

"அந்தப் பிள்ள நல்லா நடிச்சாட்டி."

"நடிச்சா நடிக்கட்டும். தாளு உங்ககிட்டதான இருக்கு? எடுத்து வாசிங்க."

"இப்பமா?"

"இப்பத்தான்."

புத்தகம் பீரோவில் இருந்தது. செல்வலட்சுமி கைப்பிடிவரை போய் நின்றுவிட்டாள். இப்போது வாசித்தால் கேட்டுவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"போன்ல வாசிக்க மாட்டேன். நாளைக்கு லீவு சொல்லிட்டு நேர்ல வாரேன். ஆனா ரூமுக்குள்ள வந்து வாசிக்க மாட்டேன். முன்வாசல்ல சேர் போட்டு உக்காந்திருக்கணும். மத்தியானம் சோத்த உன் கையால திங்கணும்."

"சிந்தும் மதினி."

"சிந்தட்டும். கூட்டிப்புடலாம்."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

மறுநாள் காலையில் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அரைமணி நேரப் பயணம் அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. ரொம்ப இறுக்கிவிட்டோமோ என்று இருந்தது. நோயாளியோடு பேரம் பேசினால், அவர்கள் முடியாது என்றதும் நாம்தான் இறங்கி வர வேண்டியிருக்கும். இறங்குவதா வேண்டாமா என்று பஸ் ஸ்டாண்டு வரும்வரை முடிவாகவில்லை.

வாசலில் நாற்காலி இருந்தது. அதில் ஆள் இல்லை.

செல்வலட்சுமி செருப்பைக் கழற்றினாள். அப்போதுதான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்ற ஈஸ்வரியைப் பார்த்தாள். தலை வாரியிருந்தது. புடவை புதுசு. பின்னால் சத்யப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "கால்மணி நேரமா இப்படியே நிக்காக அத்தை. படியத் தாண்டப் பயமா இருக்காம். பிடிக்கவும் விட மாட்டேங்காக."

செல்வலட்சுமி கையைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் போய், தன் முழங்கையை ஈஸ்வரியின் விரலில் படும்படி வைத்தாள். "ஒரு படிதான். நான் இறங்குதேன், நீ பொறவு இறங்கு."

இறங்கினாள். உட்கார்ந்தாள். வெயில் முகத்தில் பட்டதும் லேசாகச் சுளித்தாள்.

"வாசிங்க."

செல்வலட்சுமி கண்ணாடியைப் போட்டாள். அன்றைக்கு ரயில் கதையின் ஓரத்தை ஒட்டி வெட்டியதில், மறுபக்கத்தில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் கத்தரியோடு போயிருந்தது. அவள் தடுமாறித் தடுமாறி வாசித்தாள். தடுமாறிய இடத்திலெல்லாம் ஈஸ்வரி முந்திக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னாள். 'செம்பை' என்றாள். 'திரும்பி' என்றாள். கொஞ்ச நேரத்தில் யார் வாசிக்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று தெரியாதபடி ஆகிவிட்டது. சத்யப்பிரியா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசி வரிக்கு வந்தார்கள். பவுனுத்தாய் செம்பை நீட்டுகிறாள். அதை ஈஸ்வரியே சொன்னாள், தாளைவிட ஒரு சொல் முன்னால்:

"தண்ணி வராதுன்னு சொல்லிட்டுத்தான போனீக. வந்துருச்சு. குடிச்சிட்டுப் போங்க."

செல்வலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நேற்று அந்த வயலினுக்கு அழுததை நினைக்க வெட்கமாக இருந்தது. பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். காலையில் கிளம்பும்போதே எடுத்துப்போட்டிருந்தாள். "உன் புத்தகத்தை எடுத்துட்டு வரச் சொல்லு. இதப் பிரிச்சு அதுல தச்சிருவோம். நாப்பது வருசமாச்சு, போதும்."

"வேண்டாம்."

"உன் தாளுதான்."

"உங்க ரயிலும் அதுலதான ஓடுது. இருக்கட்டும்."

கத்தரி மடியில் கிடந்தது. செல்வலட்சுமி அதைப் பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, அன்னிக்கு நான் திருப்பிப் பாத்துட்டுத்தான் வெட்டினேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் வந்து தாளைப் பாக்குமுன்னயே 'திருப்பிப் பாக்கல'ன்னீக. பாக்காதவுகளுக்குப் பின்னால ஒண்ணு இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு ஈஸ்வரி சிரித்தாள். சிரிப்பு முதலில் இருமலாக வந்து, பிறகுதான் சிரிப்பானது.

மத்தியானம் செல்வலட்சுமி தட்டைக் கடிகாரம் மாதிரி அடுக்கிவைத்தாள். ஆறு மணி இருக்கும் இடத்தில் சோறு, மூன்றில் கத்தரிக்காய், ஒன்பதில் கீரை என்று சொல்லியும் வைத்தாள். ஈஸ்வரி விரலால் தடவிப் பார்த்துவிட்டு உருட்டினாள். முதல் உருண்டை கன்னத்தில் இடித்தது. அடுத்தது வாய்க்குள் போனது. முக்கால் தட்டுச் சோறு இறங்கியது, கால்வாசி தரையில் கிடந்தது. சத்யப்பிரியா விளக்குமாற்றை எடுத்து வந்தாள்.

"சாயங்காலம் இருந்து நாடகம் பாத்துட்டுப் போங்க மதினி" என்றாள் ஈஸ்வரி, கை கழுவிக்கொண்டே. "வசனம் கேக்க எனக்குக் காது இருக்கு. யாரு வாரா, யாரு போறா, அத மட்டும் நீங்க சொன்னாப் போதும். உங்க கருத்து வேண்டாம்."

செல்வலட்சுமி சம்மதித்தாள். ஏழு மணிக்கு நாடகம் தொடங்கி நாலு நிமிஷம்வரை வாக்கைக் காப்பாற்றினாள். ஐந்தாவது நிமிஷத்தில் பவுனுத்தாய் சத்தமாக அழுது மூக்கைச் சிந்தினாள்.

"ஏட்டி, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று திரைப் பக்கம் ஒரு குரல் போனது. அது ஈஸ்வரியுடையது.