கட்டம் போட்ட மூக்கு

உங்க மூக்கைப் பக்கவாட்டுல நீங்க கடைசியா எப்பங்க பார்த்தீங்க? முக்கால்வாசிப் பேர் பார்த்ததே இல்லை. கண்ணாடி முன்னாடி நின்னா நேர்ப்பக்கம்தானே தெரியும். அந்த இன்னொரு பக்கத்தைக் காட்டி ஜனங்களைத் திடுக்கிட வைக்கிறதுதான் என் வேலை.

காஞ்சிபுரத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரம்மா வருவாங்க. மூக்கைத் திருத்திக்க வர்றவங்களை நான் அஞ்சு கோணத்துல போட்டோ எடுத்து, ஆபரேஷனுக்கு அப்புறம் ஏறக்குறைய எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டர்ல மாத்திக் காட்டணும். முசரவாக்கத்துல ப்ளஸ் டூ முடிச்சிட்டு, கம்ப்யூட்டர் கத்துக்கிட்டு வந்தவ நான். அந்த ‘ஏறக்குறைய’ங்கற வார்த்தையை ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்றேன். ஒருத்தர் காதுலயும் விழுந்த பாடில்லை. தையல் கடையிலயும் பியூட்டி பார்லர்லயும் “சுமாரா இப்படி வரும்”னு சொல்லிச் சொல்லி வாய் ஓய்ஞ்சவங்களுக்கு என் பாடு புரியும்.

பேனர் மூக்கு

திருப்புட்குழிப் பக்கத்துலேர்ந்து ஒரு கட்சிக்காரர் வந்தாரு. உட்காரும்போதே சுருட்டி வெச்சிருந்த பேனரை மேஜை மேல விரிச்சாரு. பேனர் அடிச்சவர் தன் இஷ்டத்துக்கு அவர் மூக்கைக் கத்தி மாதிரி ஆக்கி வெச்சிருந்தாரு. “இதே மாதிரி பண்ணிடுங்க”ன்னாரு. டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க: “அது படம், அழிச்சி வரையலாம். இது எலும்பு. உங்க முகத்துக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மாத்த முடியும்.”

அவர் பேனரையும் பார்த்தாரு, என்னையும் பார்த்தாரு. “அப்ப ஊர்க்காரங்களுக்கு நான் இன்னாம்மா பதில் சொல்றது? போன வாரம் பேனருக்குக் கீழயே நின்னுக்கினு இருக்கேன், ஒருத்தர் வந்து ‘அண்ணன் எப்ப வருவாரு’ன்னு என்னையே கேக்குறாரும்மா!”

ஒரு கட்டம், ஒரு இழை

குமரேசன் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுறவரு. கிராஃப் தாள்ல கட்டம் கட்டமா புள்ளி வெப்பாரு. ஒரு கட்டம்னா சேலையில ஒரு இழை. தாள்ல மயில் எப்படி நிக்குதோ அப்படியேதான் முந்தானையிலயும் நிக்கும். அவர் தன் மூக்கையும் கிராஃப் தாள்ல வரைஞ்சி எடுத்துக்கினு வந்துட்டாரு! நடுவுல இருக்கற மேட்டுல ரெண்டரை கட்டம் கம்மி பண்ணணும், நுனி அப்படியே இருக்கணும்.

போட்டோ எடுக்கும்போது காரணத்தைச் சொன்னாரு. பொண்ணு பாக்கப் போன வீட்டுல, “மொதல்ல மூக்கு வந்திச்சி, அஞ்சு நிமிஷம் கழிச்சி மாப்பிள்ளை வந்தாரு”ன்னு யாரோ உறவுக்காரர் சொன்னாராம். உள்ரூம்ல ஒரு பொண்ணு சிரிச்ச சத்தம் கேட்டுச்சாம். சிரிச்சது கட்டிக்கப் போற சுகன்யாதானான்னு அவருக்குத் தெரியலை. சம்மதம்னு சொல்லிட்டாங்க, கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்குது. ஆனா அந்தச் சிரிப்பு மட்டும் காதை விட்டுப் போகலை.

“கல்யாணம் முடிஞ்சி பண்ணிக்கலாமே”ன்னாங்க டாக்டரம்மா. அவர் கேக்கலை. அப்புறம் பட்டுன்னு விஷயத்தைச் சொன்னாங்க: “பெரும்பாலும் இந்தப் படத்துக்குக் கிட்டத்துல வந்துடும். அச்சு அசலா வரும்னு எழுதிக் குடுக்க மாட்டேன். வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம்கூட ஆகும். சில பேருக்கு அதுக்கப்புறம் சின்னதா இன்னொரு திருத்தம் தேவைப்படும்.” குமரேசன் தாளை நாலா மடிச்சாரு. “இழை நான் சொன்ன எடத்துல நிக்கும் டாக்டர். சதை யார் சொன்னா நிக்கும்?”

கட்டிலும் போர்வையும்

பாத்திரக்கடை நசீமா அக்காவை நாங்க ஆபான்னுதான் கூப்பிடுவோம், அவங்களுக்கு மூக்கு நுனி கூர்மையா வேணும். டாக்டரம்மா விரலால தொட்டுப் பார்த்துட்டு, தோல் தடிமனா இருக்குது, உள்ளே எவ்வளவு செதுக்கினாலும் வெளியில கொஞ்சம்தான் தெரியும்னாங்க. மெல்லிசான தோலா இருந்தா அதுல வேற சங்கடம், உள்ள இருக்கற சின்ன மேடுபள்ளம்கூடக் காட்டிக் குடுத்துடுமாம். எனக்கு இது புதுசு. அன்னிலேர்ந்து வர்றவங்க மூக்குத் தோலையே உத்துப் பாக்குறேன், பஸ்லகூட.

 ஆபா கைப்பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கினு எழுந்துட்டாங்க. “போர்வை அதேதான்னா, கட்டிலை மட்டும் மாத்தி என்ன பிரயோஜனம்மா?”

கட்டு பிரிச்ச அன்னிக்கு

அவ்வளவு சொல்லியும் குமரேசன் பின்வாங்கலை, சென்னையில ஆபரேஷன் நடந்துச்சி. எட்டாம் நாள் கட்டு பிரிக்க இங்கே வந்தாரு. பிரிச்சதும் கண்ணாடியை வாங்கி மூஞ்சிக்குக் கிட்ட வெச்சிப் பார்த்தாரு. மேடு போயிடுச்சி, ஆனா மூக்கு மொத்தமும் இட்லி மாதிரி உப்பிக்கினு இருந்துச்சி. கண்ணுக்குக் கீழ மஞ்சளும் நீலமும்.

தேத்தணும்னு என் பொண்ணு கதையைச் சொன்னேன். பிறந்தப்போ அவளுக்கு மூக்குன்னு ரெண்டு ஓட்டைதான். மாமியார் வீட்டு மூக்கா, எங்க வீட்டு மூக்கான்னு ரெண்டு பக்கமும் சண்டை. இப்ப நாலு வயசாவுது, எங்க அப்பா மூக்கு அப்படியே வந்து உட்கார்ந்திருக்குது, கொஞ்சம் பொறுக்கணும்னேன். குமரேசன் அழுவாத குறையா சொன்னாரு: “உங்க பொண்ணுக்கு நாலு வருஷம் டைம் இருந்துச்சிக்கா. எனக்குப் பத்தே வாரம்தான் இருக்குது!”

அரைக் கட்டம்

கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது மறுபடியும் வந்தாரு. கூட சுகன்யா. நேர்ல அன்னிக்குத்தான் புது மூக்கைப் பாக்குதாம். வீக்கம் நல்லா வடிஞ்சிருந்துச்சி. அன்னிக்கு எடுத்த போட்டோவையும் பழைய கம்ப்யூட்டர் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். மேடு, சரிவு எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே. நுனி மட்டும் ஒரு மயிரிழை வலதுபக்கம். டாக்டரம்மா, “நல்லா வந்திருக்குது. மீதியை ஒரு வருஷம் கழிச்சிப் பேசுவோம்”னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டாங்க.

குமரேசன் சுவத்துல மாட்டியிருந்த கண்ணாடியை அடைச்சிக்கினு நின்னாரு. “அரைக் கட்டம் தள்ளிடுச்சி”ன்னாரு. அப்புறம் திரும்பாமலே, கண்ணாடியைப் பார்த்துக்கினே கேட்டாரு: “அன்னிக்கு உள்ள சிரிச்சது நீதானே?”

எனக்கு எங்கே போறதுன்னு தெரியலை. கீபோர்டைத் துடைச்சேன். சுகன்யா அசரவே இல்லை. “நான்தான். எங்க மாமா சொன்ன ஜோக்குக்குச் சிரிச்சேன். சிரிச்சி முடிச்சிட்டு எங்கம்மாகிட்ட சரின்னு சொன்னதும் நான்தான். அது உங்களுக்குக் கேக்கலையா?”

குமரேசன் காதெல்லாம் செவந்துபோச்சி. ஆனாலும் கண்ணாடியை விட்டு நகரலை. ஆபரேஷனுக்கு அப்புறம் மூக்கு எப்படி இருக்கும்னு ஏறக்குறைய சொல்லிடலாம், மூக்குக்காரர் எப்படி இருப்பாருன்னு சொல்ற கம்ப்யூட்டர்தான் இன்னும் எங்க ஆஸ்பத்திரிக்கு வரலை. சுகன்யா ரெண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துட்டு, அவர் சட்டைக் கையைப் பிடிச்சி இழுத்துச்சி:

“போதும், கொஞ்சம் தள்ளுங்க. பஸ்ல வந்ததுல என் பொட்டு கலைஞ்சிடுச்சான்னு நானும் பாக்கணும்.”